கடையில் ஒரு டேஸ்டிங் மாலை: எந்தச் சாமானுக்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்

இங்கிலாந்துத் தெருமுனைகளில் இருக்கும் ஆஃப் லைசன்ஸ் கடைகளில், அதாவது மதுவை வீட்டுக்கு வாங்கிப்போகும் கடைகளில், தமிழர் கையில் இருப்பவை கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டோடு விலையில் மல்லுக்கட்டி அவற்றால் ஜெயிக்க முடியாது. அங்கே கிடைக்காத ஒன்றை இங்கே கொடுக்க முடியும்: வாங்குமுன் வாயில் வைத்துப் பார்ப்பது. அதை டிக்கெட் போட்டு, நாற்காலி போட்டு நடத்தினால் டேஸ்டிங் மாலை. அதற்கு வாங்க வேண்டிய சாமான்களின் மதிப்பீடு இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கிளாஸுக்குத் தாராளமாகச் செலவிடுங்கள். துப்பும் கலத்துக்கும் வெப்பமானிக்கும் கொஞ்சம் செலவிடுங்கள். ஊசி போட்டு வைன் எடுக்கும் கருவியை ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். திறந்த போத்தலிலிருந்து காற்றை இழுக்கும் கைப்பம்பு வேண்டவே வேண்டாம்.

சாமான் பட்டியல் போடுமுன் ஓர் எண்ணைத் தீர்மானிக்க வேண்டும்: எத்தனை பேர். எங்கள் பதில் 14. வைன் போத்தல் 750 மி.லி. ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் 15 ஊற்று. அதில் ஒன்று, போத்தலைத் திறந்ததும் கெட்டிருக்கிறதா என்று நடத்துபவர் பார்ப்பதற்கு. மிச்சம் 14. பதினாறு டிக்கெட் விற்றால் கடைசி இருவருக்காக இரண்டாவது போத்தலைத் திறக்க வேண்டி வரும், அதில் முக்கால்வாசி மிஞ்சும், அன்றைய லாபம் அதோடு போகும். ஆறு வைனுக்கு ஆறு போத்தல், கார்க் போட்ட ஒவ்வொன்றுக்கும் கைகாவலாக இன்னொன்று. அந்த இரண்டாவது போத்தல் திறக்கப்படாவிட்டால் மறுநாள் அலமாரிக்கே திரும்பும்.

இப்போது கிளாஸ். ஐஎஸ்ஓ 3591 என்று ஒரு சர்வதேசத் தரநிலை 1977 முதல் இருக்கிறது. டேஸ்டிங்குக்காகவே வகுத்த துலிப் வடிவம்: உயரம் 155 மில்லிமீட்டர், வயிறு அகன்ற இடத்தில் 65, வாய்ப்பக்கம் 46. முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 215 மி.லி., ஊற்ற வேண்டியது 50. வாய் குறுகியிருப்பதால் சுழற்றினாலும் சிந்தாது, வாசனையும் மேலே கூடி நிற்கும். பார்க்க எடுப்பாக இருக்காது. உணவகத்தில் வரும் பெரிய கிளாஸோடு ஒப்பிட்டால் பொம்மைக் கிளாஸ் மாதிரி இருக்கும், டிக்கெட் வாங்கியவர் முகத்தில் அது தெரியவும் செய்யும். ஆனாலும் இதைத்தான் வாங்க வேண்டும். அடிப்பாகம் சிறியது என்பதால் சாதாரண மடக்கு மேசையில் ஆளுக்கு இரண்டு வைத்தாலும் முழங்கைக்கு இடம் இருக்கும். வீட்டு டிஷ்வாஷரின் மேல் தட்டில் நிற்கும். ஒன்று உடைந்தால் அதே அளவு எந்த நிறுவனத்திடமும் கிடைக்கும். பியரும் இதிலேயே ஊற்றலாம், விஸ்கியும் ஊற்றலாம்.

எத்தனை வேண்டும்? ஆளுக்கு இரண்டு, அதாவது 28. பெட்டிக்கு ஆறு என்று வாங்கினால் ஐந்து பெட்டி, உடைவதற்கு இன்னொன்று, ஆக 36. ஆளுக்கு ஒன்று போதாது. இரண்டு வைனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறி முகர்ந்தால்தான் வந்தவருக்கு வித்தியாசம் புரியும். ஒன்றைக் குடித்து முடித்து, கழுவி, அடுத்ததை ஊற்றும்போது முந்தையது நினைவில் மங்கிவிடும். ஆளுக்கு ஆறு கிளாஸ் என்பது அழகான ஏற்பாடுதான், ஆனால் 84 கிளாஸைக் கழுவுவது யார்?

வாடகைக் கிளாஸும் உண்டு. பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி வரும், அழுக்காகவே திருப்பிக் கொடுக்கலாம் என்று சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நடத்துபவருக்கு அது சரி. மாதம் ஒன்று என்றால் வாங்குவதே மலிவு. வாடகைக் கிளாஸில் ஒரு தொல்லை: மூடிய கூடையில் ஈரத்தோடு கவிழ்த்து வைத்திருந்தால் உள்ளே பழைய அட்டைப்பெட்டி வாசனை பிடித்திருக்கும். கெட்ட கார்க் தரும் வாசனையும் அதேதான். நல்ல போத்தலைக் கெட்டதென்று ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத் திறப்பீர்கள், அதுவும் அப்படியே மணக்கும். எனவே ஊற்றுமுன் வெறும் கிளாஸை மூக்கில் வைத்துப் பாருங்கள். எந்த வாசனையும் வரக்கூடாது. வந்தால் வெந்நீரில் அலசி, நிமிர்த்திக் காயவிடுங்கள். துடைக்கும் துணியைத் துவைக்கும்போது வாசனைத் திரவம் சேர்க்காதீர்கள், அந்த மல்லிகை வாசனை நேரே கிளாஸுக்குள் போகும்.

பியர் ஊற்றும்போது கிளாஸின் சுத்தம் கண்ணுக்கே தெரியும். உட்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டி நின்றால் அங்கே எண்ணெயோ சோப்போ தூசியோ மிச்சம் இருக்கிறது. நுரையும் சட்டென்று அடங்கிவிடும். சுத்தமான கிளாஸில் குமிழி சுவரில் தங்காமல் மேலே ஏறும், குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகப் படியும்.

டேஸ்டிங்கில் சுவைத்ததை விழுங்காமல் துப்பலாம்; அதற்கான கலத்தைப் பல கடைகள் கடைசி நிமிடத்தில் யோசிக்கின்றன. வெற்றிலை போடும் வீடுகளில் படிக்கம் இருந்தது. வேலை அதே வேலைதான். மூன்று நான்கு பேருக்கு ஒன்று வேண்டும், உள்ளே இருப்பது தெரியாத நிறத்தில் வேண்டும், அடி கனமாக இருக்க வேண்டும். வைன் வாளி என்று விற்கும் பளபளப்பான எஃகு வாளியில் உயரத்திலிருந்து துப்பினால் திரும்பித் தெறிக்கும். அடியில் கிழித்த காகிதம் கொஞ்சம் போட்டால் தெறிக்காது. எல்லோர் முன்னாலும் துப்பக் கூச்சப்படுபவர்களுக்கு ஆளுக்கொரு நிறக் காகிதக் கப் கொடுங்கள். கப்பில் துப்பி, நிரம்பியதும் வாளியில் ஊற்றிவிடலாம். கப்தான் உண்மையில் பயன்படுகிறது, வாளியை மிச்சத்தைக் கொட்டத்தான் அதிகம் தேடுவார்கள்.

துப்பாதவர் எவ்வளவு குடித்திருப்பார்? பிரிட்டிஷ் கணக்கில் ஒரு யூனிட் என்பது 10 மி.லி. தூய ஆல்கஹால். 13 சதவீத வைன் 50 மி.லி. என்றால் 0.65 யூனிட். ஆறு வைனுக்கு 3.9. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்பது அரசின் அறிவுரை. காரில் வந்தவர் துப்பியே ஆக வேண்டும், இல்லையேல் காரை விட்டுவிட்டுப் போக வேண்டும். இதை டிக்கெட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

ஊற்றும் அளவுக்கு என்ன கருவி? போத்தல் வாயில் செருகும் குண்டு வைத்த அளவு மூக்கு கிடைக்கிறது, ஒரு சாய்ப்புக்கு 25 மி.லி. என்று எழுதியிருக்கும். போத்தலைப் போதுமான அளவு கவிழ்க்காவிட்டால் அளவு குறையும். இனிப்பு லிக்கரில் சர்க்கரை காய்ந்து குண்டு சிக்கிக்கொள்ளும். விஸ்கி, ரம் போன்ற ஸ்பிரிட்டுக்குச் சாதாரண எஃகு ஜிகரே (சிறு அளவுக் கிண்ணம்) நம்பகம். வைனுக்கு அதுவும் வேண்டாம். ஒரு கிளாஸில் சமையலறை அளவுக் கப்பால் 50 மி.லி. தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஊற்றுபவர் கண்முன்னே வையுங்கள். நாலாவது கிளாஸிலிருந்து கை பழகிவிடும். சுருட்டிப் போத்தல் வாயில் செருகும் மெல்லிய வட்டத் தகடு சில காசுதான், மேசை விரிப்பில் சிவப்பு வைன் சொட்டாமல் காப்பாற்றும். இந்தப் பட்டியலிலேயே காசுக்கு அதிகம் உழைக்கும் பொருள் அதுதான்.

அடுத்து, ஊசி போட்டு வைன் எடுக்கும் கருவியான கொராவின். கிரெக் லாம்ப்ரெக்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கி 2013-இல் விற்பனைக்கு வந்தது. கார்க்கைக் கழற்றாமல் மெல்லிய ஊசியை உள்ளே இறக்கி, ஆர்கன் வாயுவைச் செலுத்தி, அந்த அழுத்தத்தில் வைனை வெளியே எடுக்கும். ஊசியை உருவியதும் இயற்கைக் கார்க் தானே சுருங்கித் துளையை அடைத்துக்கொள்ளும். போத்தலுக்குள் காற்று போகாது, வைன் வாரக்கணக்கில் கெடாது. கருவி சொன்னதைச் செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 14 பேர் ஒரே மாலையில் ஒரு போத்தலைக் காலி செய்யும்போது அதைப் பாதுகாத்து என்ன ஆகப்போகிறது? கல்லாப் பக்கத்தில் எப்போதும் நாலு விலையுயர்ந்த போத்தலைத் திறந்து வைத்து, வருகிறவருக்கு 25 மி.லி. ஊற்றிக் கொடுக்கும் கடைக்குத்தான் இது. வாயுக் குப்பி ஒன்றுக்கு 150 மி.லி. கிளாஸ் 15 வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. சிறிது சிறிதாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஊசியைச் சுத்தம் செய்ய வாயு விரயமாகும், அதனால் மொத்த அளவு அதற்குக் கீழே வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்கினால் கவனிக்க வேண்டியவை: செயற்கைக் கார்க்கில் துளை மூடிக்கொள்ளாது. திருகு மூடிக்குத் தனி மூடி வாங்க வேண்டும். பழைய போத்தலின் பொடிந்த கார்க் ஊசியை அடைக்கும். நுரைக்கும் வைனில் சாதாரண மாடலைப் பயன்படுத்தவே கூடாது, அதற்கு வேறு மாடல் இருக்கிறது. போத்தலில் கீறலோ விரிசலோ இருந்தால் தொடாதீர்கள். 2014-இல் சில போத்தல்கள் அழுத்தத்தில் உடைந்ததால் நிறுவனம் விற்பனையை நிறுத்தி, போத்தலுக்குப் போடும் உறையை அனுப்பி வைத்தது. அந்த உறையைச் சோம்பலில் தவிர்க்காதீர்கள்.

இதற்கு மேலே எனோமாட்டிக் வகை இயந்திரங்கள். இத்தாலியத் தயாரிப்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் போத்தல்கள், அட்டையைச் செருகினால் அளவாக ஊற்றும். தெருமுனைக் கடைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது. கீழே ரப்பர் அடைப்பானும் கைப்பம்பும். எவ்வளவு இழுத்தாலும் உள்ளே காற்று மிஞ்சும், ஓரிரு நாளுக்கு மேல் பலன் எதிர்பார்க்காதீர்கள். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, செலவே இல்லை. திருகு மூடி போட்ட 375 மி.லி. அரைப் போத்தலைக் கழுவி வைத்திருங்கள். பெரிய போத்தலைத் திறந்தவுடனே பாதியை இதில் விளிம்பு வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால், காற்றே இல்லாததால் பல நாள் தாங்கும்.

வெப்பநிலைதான் கடைகள் அதிகம் சறுக்கும் இடம். ஃபிரிட்ஜ் 4 அல்லது 5 டிகிரி, கடை 21, 22 டிகிரி. வெள்ளை வைன் 5 டிகிரியில் வாசனையே தராது. சிவப்பு 22 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழவாசனை அமுங்கிவிடும். நுரைக்கும் வைனுக்கு 6 முதல் 10, இலேசான வெள்ளைக்கு 7 முதல் 10, கனமான வெள்ளைக்கு 10 முதல் 13, இலேசான சிவப்புக்கு 13, கனமான சிவப்புக்கு 15 முதல் 18. லாகர் பியர் 4 முதல் 7, ஆங்கில ஏல் பியர் 10 முதல் 13. நடைமுறையில், வெள்ளையை ஊற்றுவதற்கு 15, 20 நிமிடம் முன்பு ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள், சிவப்பை அரைமணி நேரம் உள்ளே வையுங்கள். இறைச்சி வேகப் பார்க்கும் குச்சி வெப்பமானியைக் கிளாஸில் விட்டுப் பார்த்துக்கொள்ளலாம், வைனுக்கென்று தனியாக விற்பது தேவையில்லை. அவசரமாகக் குளிரூட்ட வெறும் ஐஸ் போதாது. வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. தண்ணீர்தான் போத்தலைச் சுற்றிலும் தொட்டுச் சூட்டை இழுக்கும்.

எந்த வரிசையில் ஊற்றுவது என்பதில் பெரிய மர்மம் இல்லை: நுரைப்பது முதலில், இலேசானது கனமானதற்கு முன், இனிப்பு கடைசியில். பியரில் கசப்பும் சதவீதமும் ஏறு வரிசையில். இலங்கையின் லயன் ஸ்டவுட் போல 8 சதவீதத்தைத் தாண்டுவது கடைசிக்கு முந்தையதாகக்கூட வரக்கூடாது. அளவில்தான் பியர் வேறுபடும். 330 மி.லி. கேனில் 80 மி.லி. நாலு வரும், 440 மி.லி. கேன் மூன்றை 14 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 94. போத்தலிலேயே நொதிக்கும் பியரில் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். ஒவ்வொரு கிளாஸுக்கும் போத்தலை நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் வண்டல் கலங்கி, முதலாமவருக்குத் தெளிவும் கடைசி ஆளுக்குச் சேறும் கிடைக்கும். ஒரே சாய்ப்பில் ஜாடிக்கு மாற்றி, அடியில் விரல் அளவு விட்டுவிட்டு, ஜாடியிலிருந்து பங்கிடுங்கள்.

விஸ்கிக்குக் கிளென்கெய்ன் கிளாஸ் தனியாக வாங்கலாமா? 2001-இல் வந்தது, தண்டு இல்லாத துலிப், கையில் உறுதியாக நிற்கும். விஸ்கி டேஸ்டிங் மட்டும் அடிக்கடி வைத்தால் வாங்கலாம், மற்றபடி ஐஎஸ்ஓ கிளாஸே போதும். ஆனால் 5 மி.லி. சொட்டுக் குழாய் அவசியம். பீப்பாயிலிருந்து நேராக அடைத்த 58 சதவீத விஸ்கி 15 மி.லி.யில் 5 மி.லி. தண்ணீர் விட்டால் 43.5 சதவீதமாகும். நாக்கு மரக்காது, மூடிக்கிடந்த வாசனை எழும்பும். ஜாடியிலிருந்து நேரே ஊற்றினால் 5 மி.லி. 15 ஆகிவிடும். 15 மி.லி. வீதம் 14 பேருக்கு 210 மி.லி.; 700 மி.லி. போத்தலில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாகப் போகாது. புகைவாசனை உள்ள, ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதற்குப் பிறகு எதை ஊற்றினாலும் மருந்துக்கடையாகத்தான் மணக்கும்.

தமிழர் கடைக்கு ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது: தென்னஞ்சாராயம். தென்னம்பாளையில் இறக்கிய கள்ளை வடித்து, ஹல்மில்ல மரப் பீப்பாயில் ஆறவிட்டது. திருகோணமலை மரம் என்று வணிகர்கள் பெயர் வைத்ததும் அந்த மரத்துக்குத்தான். வெள்ளை ரம், சாராயம், பர்பன், ஜமெய்க்கா ரம் என்ற வரிசையில் வைத்துப் பாருங்கள். ரம்மை நினைவூட்டியும் ரம்மாக இல்லாமலும் இருப்பதை ஆங்கிலேய வாடிக்கையாளர் உடனே பிடித்துக்கொள்வார். மலிவான சில வகைகளில் தென்னையிலிருந்து வந்தது சிறுபங்குதான், மிச்சம் வாசனையற்ற வேறு ஸ்பிரிட். லேபிளை வாசித்து, முழுக்கத் தென்னை என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 லைசன்சிங் சட்டத்தின்கீழ், கொண்டுபோய்க் குடிக்க விற்கும் அனுமதி வேறு, அங்கேயே குடிக்க விற்கும் அனுமதி வேறு. டிக்கெட்டுக்குக் காசு வாங்கினால் அது விற்பனைதான். உங்கள் லைசன்ஸ் முதல் வகை மட்டும் என்றால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்ட், ஊழியரையும் சேர்த்து 499 பேர் வரை. கொடுக்கும் நாளையும் நிகழ்வு நாளையும் கழித்து 10 வேலைநாள் இடைவெளி வேண்டும். 5 முதல் 9 நாளில் கொடுக்கும் தாமத அறிவிப்பும் உண்டு, ஆனால் போலீஸோ சுற்றாடல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் விசாரணையே இல்லாமல் நிகழ்வு ரத்தாகும். ஒரு இடத்துக்கு வருடத்தில் 15 அறிவிப்பு, மொத்தம் 21 நாள். மாதம் ஒன்று வைத்தால் 12 போகும், டிசம்பருக்கு மூன்று மிஞ்சும். நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு நாளாக எண்ணப்படும், கவனம். வைனை 75 மி.லி.க்குக் கீழே எந்த அளவிலும் விற்கலாம். ஜின், ரம், வொட்கா, விஸ்கி நான்கும் 25 அல்லது 35 மி.லி., அல்லது அவற்றின் மடங்கு. டிக்கெட்டில் 15 மி.லி. ஊற்ற நினைப்பவர் கவுன்சிலில் அளவு விதிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது உத்தமம்.

கடையின் வாசனையையும் பார்க்க வேண்டும். மாலையில் கல்லாவில் சாமிப்படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவது வழக்கம் என்றால், அன்றைக்கு அதைக் காலையோடு முடித்துவிடுங்கள். சாம்பிராணி மணக்கும் அறையில் ரீஸ்லிங் போன்ற வெள்ளை வைனை முகர்ந்து பயனில்லை. கொறிக்கத் தட்டில் மிக்சரும் காரமுறுக்கும் வைக்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிவைக் கூட்டும், வைனின் துவர்ப்பு முள்ளாகக் குத்தும். உப்புக் குறைந்த பிஸ்கட், வெறும் ரொட்டி. சீஸ் கடைசிச் சுற்றுக்கு மட்டும், அது சுமாரான சிவப்பையும் நல்லதுபோல் காட்டிவிடும். தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர், மொத்தம் 7 லிட்டர்.

கெட்ட போத்தல் வந்தால் ஒளிக்காதீர்கள். கார்க் கெட்ட வைனில் ஈரமான அட்டை, பூஞ்சணம் பிடித்த நிலவறை மணம் வரும், பழவாசனை செத்திருக்கும். மூக்கு அதற்குச் சீக்கிரம் பழகிவிடுவதால் முதல் முகர்தலை நம்புங்கள். அதைச் சுற்றுக்கு விட்டு, நல்ல போத்தலையும் பக்கத்தில் ஊற்றிக் காட்டினால் வந்தவர்கள் அன்று கற்றுக்கொள்ளும் பாடம் அதுவாகவே இருக்கும். இன்னொரு கோளாறு கடைக்காரர் தானே வரவழைப்பது: ஜன்னல் கண்ணாடியோரம் அழகுக்கு வைத்த பச்சை, வெள்ளைப் போத்தல்கள். வெயில் பட்டால் பியரில் ஹொப் பூவின் கசப்புப்பொருள் சிதைந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் வரும், வெள்ளை வைனில் அவித்த கோவா (முட்டைக்கோஸ்) வாசனை வரும். டேஸ்டிங்குக்கு உள் அலமாரியிலிருந்தோ திறக்காத பெட்டியிலிருந்தோ எடுங்கள்.

ஆறு வைனுக்கு ஒன்றரை மணி நேரம், ஒன்றுக்குக் கால் மணி. 14 கிளாஸுக்கு ஊற்றவே மூன்று நிமிடம் போகும். ஊற்றுபவர் ஒருவர், பேசுபவர் வேறொருவர், இருவரும் துப்ப வேண்டும். ஆர்டர் தாளை ஆரம்பத்திலேயே பென்சிலோடு கையில் கொடுங்கள். ஊற்றும் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு பெட்டி கையிருப்பில் இருக்கட்டும், பிடித்ததைக் கையோடு வாங்கத்தான் மனம் வரும். எல்லோரும் போனதும் கிளாஸைச் சூடான தண்ணீரில் அன்றிரவே அலசி, காகிதம் விரித்து நிமிர்த்தி வையுங்கள். சிவப்பு வைன் அடியில் காய்ந்துவிட்டால் மறுநாள் காலை பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும்.